ஒளிக்கதிரைப் பிடித்துக்கொண்டு குவாண்டத்துக்குள் நுழைவது எப்படி?

எலக்ட்ரானின் அலைநீளம் என்ன என்று கேட்டால், பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்துக்கொள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஏன் உந்தம்? ஏன் வேகமோ ஆற்றலோ இல்லை? அந்தப் பக்கத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. பட்டகமும் தண்ணீரில் ஒடிந்ததுபோல் தெரியும் குச்சியும் வரும் ஒளியியல் பாடத்தில்தான் பதில் இருக்கிறது. அந்தப் பாடத்தைத் தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிட்டோம்.

நானும் அப்படித்தான். குவாண்டம் இயற்பியலை ஒரு நாள் வானத்திலிருந்து விழுந்த விதிகளாகப் படித்தேன். ஒளியியலோடு அதற்கு இருக்கும் ரத்த உறவு தெரிய வந்தபோது, படித்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் சுற்றை நீங்கள் முதல் சுற்றாகவே முடித்துக்கொள்ள இந்தக் கட்டுரை உதவும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர், ஒரு தாள், ஒரு பேனா இருந்தால் போதும். வகைநுண்கணிதம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் கடைசிக்கு முந்தைய படி வரை தடையில்லை.

படி 1: ஒளியின் பாதையை நீங்களே தேடுங்கள்

1662-இல் பியர் ஃபெர்மா சொன்னது இது: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒளி செல்லும் பாதை, எடுக்கும் நேரம் மிகக் குறைவான பாதை. படித்துவிட்டுத் தலையாட்டி நகர்ந்துவிட வேண்டாம். கையால் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர்ப் பரப்புக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு. பரப்புக்குக் கீழே 1 மீட்டர் ஆழத்தில், பக்கவாட்டில் 1.5 மீட்டர் தள்ளி ஒரு கல். விளக்கொளி தண்ணீரை எந்த இடத்தில் தொட்டால் கல்லை அடையும்? தொடும் இடம் விளக்குக்கு நேர் கீழிருந்து எவ்வளவு தூரம் என்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் காற்றில் சென்ற தூரத்தோடு, தண்ணீரில் சென்ற தூரத்தின் 1.33 மடங்கைக் கூட்டுங்கள் (1.33 என்பது தண்ணீரின் ஒளிவிலகல் எண்). இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒளிப்பாதை நீளம் என்று பெயர். ஒளி எடுக்கும் நேரம் இதற்கு நேர்விகிதம்.

நேர்கோட்டுப் பாதையில் தொடும் இடம் 0.75 மீட்டர், விடை 2.9125. இடத்தை 0.85-க்கு நகர்த்தினால் 2.8987. 0.90-இல் 2.8964. 0.91-இல் 2.8963. 0.95-இல் 2.8972 என்று மறுபடி ஏறுகிறது. 1.00-இல் 2.9012. அடிமட்டம் 0.912 அருகில் இருக்கிறது. அந்த இடத்தில் படுகோணம் சுமார் 42.4 டிகிரி, விலகுகோணம் 30.4 டிகிரி. இரண்டின் சைன் மதிப்புகளை வகுத்தால் 1.33 வரும். பள்ளியில் மனப்பாடம் செய்த ஸ்நெல் விதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இப்போது விடையைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். 0.90-இலிருந்து 0.91-க்கு நகர்ந்தபோது விடை கிட்டத்தட்ட அசையவே இல்லை. அடிமட்டத்தில் தரை சமதளமாக இருக்கிறது. இயற்கைக்கு உண்மையில் வேண்டியது இந்தச் சமதளம்தான், குறைந்த நேரம் என்பது அதோடு சேர்ந்து வருவது. குழியாடியில் சில பாதைகளுக்கு நேரம் மிக அதிகமாகக்கூட இருக்கும், ஆனால் தரை சமதளமாகவே இருக்கும். ‘ஒளி அவசரக்காரன்’ என்ற படத்தை இப்போதே மனத்திலிருந்து அழித்துவிடுங்கள், பின்னால் இடைஞ்சல் செய்யும்.

படி 2: ‘ஒளிக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள்

ஃபெர்மாவை அவர் காலத்திலேயே மடக்கிய கேள்வி இது. தேகார்த்தைப் பின்பற்றிய கிளெர்செலியே அதே 1662-இல் எதிர்ப்புத் தெரிவித்தார். புறப்படும்போதே எந்தப் பாதை சிக்கனமானது என்று ஒளி எப்படி அறியும், இது இயற்பியல் விதியே அல்ல என்றார். நியாயமான எதிர்ப்பு. கதிர்களை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அலைகளை வைத்தால் முடியும். நீங்கள் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் என்றால், 1 மீட்டர் பாதையில் 20 லட்சம் அலைகள் அடங்கும். நேர்கோட்டுப் பாதைக்கும் சரியான பாதைக்கும் ஒளிப்பாதை நீளத்தில் 16 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது 32 ஆயிரம் அலைகள். நேர்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாதைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணிக்கையில் அலைகளைச் சுமந்து வருகின்றன. ஒன்று முகட்டோடு வந்தால் அடுத்தது அகட்டோடு வரும். கூட்டிப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சாது. சமதளத்தில் மட்டும் பக்கத்துப் பாதைகள் எல்லாம் ஒரே எண்ணிக்கையோடு வந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஒளி எல்லா வழியிலும் போகிறது, கூட்டலில் தப்பிப் பிழைப்பதைத்தான் நாம் கதிர் என்கிறோம்.

இதிலிருந்து ஒரு கூடுதல் பலன். வித்தியாசம் அரை அலைக்குள் அடங்கும் பட்டையின் அகலத்தைக் கணக்கிட்டால், 0.912-க்கு இரு பக்கமும் சுமார் 0.6 மில்லிமீட்டர் வரும். ஆக, கதிருக்குத் தடிமன் உண்டு! அலைநீளத்தை நூறில் ஒரு பங்காக்கினால் பட்டை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அலைநீளம் பூஜ்யத்தை நெருங்க நெருங்கக் கதிர் கோடாகும். இந்த வாக்கியத்தை ஒரு மூலையில் எழுதி வையுங்கள். படி 6-இல் இதுதான் கதவைத் திறக்கும்.

படி 3: பழைய சண்டை ஒன்றைத் தீர்த்து வையுங்கள்

இது கட்டுரையின் நடுநாடி. மெதுவாகப் படியுங்கள்.

ஒளி துகள்களால் ஆனது என்றார் நியூட்டன். தண்ணீருக்குள் நுழையும் துகளைத் தண்ணீர் உள்நோக்கி இழுக்கும். பரப்புக்குச் செங்குத்தான வேகம் கூடும், பரப்போடு ஒட்டிய வேகம் மாறாது. ஆகவே பாதை செங்குத்துக்கோட்டை நோக்கி வளையும். இதன்படி தண்ணீரில் ஒளி காற்றைவிட 1.33 மடங்கு வேகமாக ஓட வேண்டும். ஃபெர்மாவின் வழியில் கணக்கிட்டாலும், ஹைகன்ஸின் அலைக் கொள்கையில் கணக்கிட்டாலும் தண்ணீரில் ஒளி 1.33 மடங்கு மெதுவாக ஓட வேண்டும். வளைவு ஒன்றே, காரணம் நேரெதிர். 1850-இல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியை வைத்து அளந்தார். தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் ஓடியது. நியூட்டனின் துகள் தோற்றது என்று வழக்கை முடித்தார்கள்.

ஆனால் அந்தத் துகள் கணக்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒளியை எடுத்துவிட்டு எலக்ட்ரானை வையுங்கள். 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் ஒரு மெல்லிய வலைப்பரப்பின் வழியே, மேலும் 77 வோல்ட் கூடுதலான பகுதிக்குள் சாய்வாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் வோல்ட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 177-ஐ 100-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.33. அந்த எலக்ட்ரான் காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளியைப் போலவே, அச்சு அசலாக அதே கோணத்தில் வளையும். இது கற்பனை இல்லை. மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் எலக்ட்ரான்களுக்கு லென்ஸ் செய்யலாம் என்பதன் அடிப்படையே இதுதான். காந்தச் சுருள் லென்ஸ்போல் வேலை செய்யும் என்று ஹான்ஸ் புஷ் 1926-இல் காட்டினார். குனோலும் ருஸ்காவும் 1931-இல் அதை வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டினார்கள்.

ஆக, துகளுக்கு ஒளிவிலகல் எண் எது? அதன் உந்தம். இரண்டு கணக்குகளும் ஒரே வளைவைத் தந்ததற்கான காரணமும் இதில் இருக்கிறது. பரப்பைக் கடக்கும்போது துகளுக்கு மாறாமல் இருப்பது பரப்போடு ஒட்டிய உந்தம். அலைக்கு மாறாமல் இருப்பது பரப்பின் ஒரு மீட்டரில் எத்தனை அலைகள் வெட்டுகின்றன என்ற எண்ணிக்கை. உந்தமும் ஒரு மீட்டரில் உள்ள அலைகளின் எண்ணிக்கையும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் என்று வைத்தால் சண்டையே இல்லை. நியூட்டன் தவறியது, உந்தம் கூடினால் ஒளியின் வேகமும் கூடியே ஆக வேண்டும் என்று எண்ணியதில்தான்.

படி 4: இரண்டு விதிகளை அருகருகே எழுதுங்கள்

1744-இல் மோபெர்த்துயி இயக்கவியலுக்கு ஒரு சிக்கன விதியை முன்வைத்தார். வேகத்தைத் தூரத்தால் பெருக்கிப் பாதை நெடுகக் கூட்டினால் வரும் அளவு மிகக் குறைவாக இருக்கும் என்றார். அதற்குச் செயல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அவர் அதை முதலில் பயன்படுத்தியதே ஒளிவிலகலுக்கு, அதுவும் நியூட்டனின் பக்கம் நின்றுகொண்டு. இன்றைய மொழியில் சொன்னால், உந்தத்தைத் தூரத்தால் பெருக்கிப் பாதை நெடுகக் கூட்டிய தொகை சமதளமாக இருக்கும்.

தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் இப்படி எழுதுங்கள்: ஒளி. ஒளிவிலகல் எண் × தூரம், பாதை நெடுகக் கூட்டல், சமதளம். வலப்பக்கம்: துகள். உந்தம் × தூரம், பாதை நெடுகக் கூட்டல், சமதளம்.

முதன்முதலாக இந்தத் தாளை முழுதாக எழுதியவர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1820-களின் பிற்பகுதியில் டப்ளினில் ஒளிக்கதிர்க் கூட்டங்களைப் பற்றி எழுதினார். தனித்தனிக் கதிர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, அந்தக் கதிர்களுக்கெல்லாம் செங்குத்தாக நகரும் முகப்புகளை ஒரே சார்பால் குறித்தார். அந்தச் சார்பு தெரிந்தால் எல்லாக் கதிரும் தெரியும். இந்த முறையை வைத்து 1832-இல், சில படிகங்களில் ஒரு கதிர் கூம்பாக விரியும் என்று கணித்தார். சில மாதங்களிலேயே ஹம்ஃப்ரி லாயிட் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். பிறகு 1834-லும் 1835-லும் அதே முறையைக் கோள்களுக்கும் துகள்களுக்கும் பொருத்தினார். யாக்கோபி அதை இன்னும் கூர்மையாக்கினார். ஹாமில்டன்–யாக்கோபி சமன்பாடு என்று இன்று மேல்வகுப்பு மாணவர்களை மிரட்டுவது ஒளியியலில் பிறந்த குழந்தை.

வழியில் ஒரு சோகமும் நடந்தது. இயக்கவியல் நூல்கள் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு ஒளியியலை விட்டுவிட்டன. 1890-களில் ஃபெலிக்ஸ் கிளைன் அந்த மறந்த உறவை நினைவூட்டினார். பெரிதாக யாரும் காதுகொடுக்கவில்லை. துகளுக்கு அலைமுகப்பு இருப்பதுபோல் கணக்கு காட்டியது, ஆனால் அது வெறும் கணக்கு வித்தை என்றே எல்லோரும் எண்ணினார்கள். அலைநீளம் இல்லாத அலைமுகப்பு யாருக்கு வேண்டும்?

படி 5: தாளின் இரு பக்கத்தையும் இணைக்கும் எண்ணைப் போடுங்கள்

இடப்பக்கக் கூட்டலை அலைநீளத்தால் வகுத்தால் பாதையில் எத்தனை அலைகள் என்று தெரியும். அது வெறும் எண், அலகு கிடையாது. வலப்பக்கக் கூட்டலும் அப்படி ஒரு எண்ணாக வேண்டுமானால், செயலுக்கு உள்ள அலகையே கொண்ட ஏதோ ஒன்றால் வகுக்க வேண்டும். இயற்கையில் அப்படி ஒரு மாறிலி உண்டா?

1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்டுபிடித்த மாறிலியின் அலகு சரியாக அதுதான். மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல் விநாடி. ஆகவே:

பாதையில் உள்ள அலைகளின் எண்ணிக்கை = செயல் ÷ பிளாங்க் மாறிலி

இதை ஒரே ஒரு அலைக்கு எழுதினால், அலைநீளம் = பிளாங்க் மாறிலி ÷ உந்தம். ஏன் உந்தம் என்ற முதல் கேள்விக்கு இதுதான் பதில். ஃபெர்மாவும் மோபெர்த்துயியும் ஒரே விதியைச் சொல்கிறார்கள் என்றால் வேறு எதுவும் அந்த இடத்தில் பொருந்தாது.

லூயி டி பிராய் இதைச் சார்பியல் வழியாக எட்டினார். 1923-இல் மூன்று சிறு குறிப்புகள், 1924 நவம்பரில் பாரிஸில் முனைவர் பட்ட ஆய்வேடு. துகளுக்கு மோபெர்த்துயி விதியும் அதன் அலைக்கு ஃபெர்மா விதியும் ஒன்றே என்பதை அவர் தெளிவாகவே எழுதினார். ஐந்தே ஆண்டுகளில், 1929-இல், நோபல் பரிசு.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இங்கே ஒன்று உண்டு. உந்தம் கூடினால் அலைநீளம் குறையும், அலைமுகட்டின் வேகமும் குறையும். ஆனால் எலக்ட்ரான் வேகமாக ஓடுகிறதே? இரண்டு வேகங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முகடு நகர்வது கட்டத் திசைவேகம். அலைகள் சேர்ந்து உருவாக்கும் பொட்டலம் நகர்வது குழுத் திசைவேகம், துகளின் வேகம் இதுதான். தடையின்றி ஓடும் துகளுக்கு இரண்டையும் பெருக்கினால் ஒளிவேகத்தின் வர்க்கம் வரும் என்று டி பிராய் காட்டினார். அப்படியானால் முகடு ஒளியைவிட வேகமாக ஓடுகிறதே என்று பதற வேண்டாம், முகடு எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை.

கணக்குக்குப் பழக்கம்: எலக்ட்ரானின் அலைநீளம் நானோமீட்டரில் 1.226-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். 100 வோல்ட்டுக்கு 0.123. 54 வோல்ட்டுக்கு 0.167. இந்த 54 எங்கிருந்து வந்தது? டேவிசனும் ஜெர்மரும் 1927-இல் நிக்கல் படிகத்தின்மேல் எலக்ட்ரான்களை வீசியபோது, 54 வோல்ட்டில் 50 டிகிரியில் சிதறி வந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் ஒரு குன்று தலைதூக்கியது. படிகத்தின் இடைவெளியை வைத்துக் கணக்கிட்டால் அலைநீளம் 0.165. எதிர்பார்ப்பும் அளவீடும் ஏறக்குறைய ஒன்றே.

100 கிராம் பந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் உந்தம் 1, அலைநீளம் 6.6 × 10⁻³⁴ மீட்டர். அதன் ‘கதிர்’ எவ்வளவு மெல்லியது என்பதைப் படி 2-இன் பட்டைக் கணக்கே சொல்லிவிடும். நியூட்டனின் இயக்கவியல் ஏன் பந்துக்குப் பிசகாமல் பொருந்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

படி 6: கதிர் எங்கே உடைகிறது என்று பாருங்கள்

நீல்ஸ் போர் 1913-இல் சொன்ன ஹைட்ரஜன் அணுவின் முதல் வட்டத்துக்கு ஆரம் 0.0529 நானோமீட்டர், சுற்றளவு 0.332. அங்கே எலக்ட்ரான் விநாடிக்கு 21.9 லட்சம் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால் அலைநீளம் 0.332. முழு வட்டத்திலும் ஒரே ஒரு அலை! இரண்டாம் வட்டத்தில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. போர் காரணம் சொல்லாமல் போட்ட விதி, வட்டத்தில் அலை முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையாக மாறிவிட்டது. டி பிராயின் மிக அழகான விளைவு என்று இதைத்தான் எல்லா நூலும் கொண்டாடும்.

எனக்கு இதில் மகிழ்ச்சியைவிட எச்சரிக்கைதான் அதிகம் தெரிகிறது. அலைநீளம் பாதையின் அளவைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் கதிர் என்ற பேச்சே செல்லும். இங்கே அலைநீளம் பாதையின் நீளத்துக்குச் சமம். ஊசித்துளையை அலைநீளம் அளவுக்குச் சுருக்கிவிட்டு, ஒளி எந்தக் கோட்டில் போனது என்று கேட்பதுபோல்தான் இது. அணுவுக்குள் எலக்ட்ரானின் பாதை எது என்ற கேள்வியே தவறு.

எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-இல் பிடித்தது இந்த இழையைத்தான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த தன் இரண்டாம் கட்டுரையில் ஹாமில்டனின் தாளை மறுபடி விரித்தார். கதிர் ஒளியியல் அலை ஒளியியலின் தோராயம். அப்படியென்றால் நியூட்டனின் இயக்கவியலும் ஏதோ ஒரு அலை இயக்கவியலின் தோராயமாக இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்.

நீங்களும் இறங்கலாம். வகைநுண்கணிதம் தேவைப்படும் ஒரே இடம் இது. ஒரே அதிர்வெண் கொண்ட அலையின் சமன்பாடு சொல்வது: அலையின் இரண்டாம் வகைக்கெழுவோடு, அலைஎண்ணின் வர்க்கத்தை அலையால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம். அலைஎண் என்பது 2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது. அலைநீளத்தின் இடத்தில் டி பிராயின் வாய்பாட்டை வையுங்கள். உந்தத்தின் வர்க்கத்துக்குப் பதிலாக, நிறையின் இரு மடங்கை மொத்த ஆற்றலுக்கும் நிலை ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி எழுதுங்கள். முடிந்தது. தாளில் இருப்பது ஷ்ரோடிங்கரின் காலம் சாராச் சமன்பாடு. இது நிரூபணம் ஆகாது. நிலை ஆற்றல் இடத்துக்கு இடம் மாறும்போதும் இதே சமன்பாடு செல்லும் என்பது துணிந்து வைத்த ஊகம். ஹைட்ரஜனின் நிறமாலை அந்த ஊகத்தைக் காப்பாற்றியது.

படி 7: அந்த அரையை விட்டுவிடாதீர்கள்

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. சுருள்வில்லில் ஆடும் துகளுக்கு ‘ஒரு சுற்றில் முழு எண்ணிக்கை அலைகள்’ என்ற பழைய விதியைப் போட்டால், ஆற்றல் (பிளாங்க் மாறிலி × அதிர்வெண் என்ற அலகில்) 0, 1, 2 என்ற படிகளில் வரும். ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டைத் தீர்த்தால் ½, 1½, 2½. அந்த அரையை மூலக்கூறு நிறமாலைகளில் மல்லிக்கன் 1925 வாக்கிலேயே கண்டிருந்தார், ஆனால் பழைய விதியில் அதற்கு இடம் இல்லை.

இடம் கொடுப்பதும் ஒளியியல்தான். லென்ஸ் குவித்த ஒளி குவியத்தைக் கடக்கும்போது, கடந்த தூரத்துக்குரிய அலைகளுக்கு மேல் அரை அலை கட்டம் கூடுதலாகப் பிசகும் என்று லூயி ஜார்ஜ் கூயி 1890-இல் அளந்து காட்டியிருந்தார். கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் எந்த இடத்திலும் இப்படி ஒரு பிசகு நடக்கும். ஆடும் துகள் ஓரத்துக்குப் போய்த் திரும்பும் புள்ளியும் அப்படிப்பட்ட மடிப்புதான். ஒரு மடிப்புக்குக் கால் அலை, ஒரு சுற்றில் இரண்டு மடிப்பு, ஆக அரை அலை. 1926-இல் வென்ட்சல், கிராமர்ஸ், பிரில்லுவான் மூவரும் தனித்தனியாக வகுத்த தோராய முறையில் இந்த மடிப்புகளைக் கவனமாக எண்ணினால் ½ தானாக வந்து உட்காரும்.

சுருள்வில்லுக்குப் பதிலாக இரண்டு கடினச் சுவர்களுக்கு நடுவே துகளை அடைத்தால் அந்த அரை வராது. சுவரில் மோதும் அலை தலைகீழாகப் புரள்வதால் ஒரு சுவருக்கு அரை அலை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழு அலை. சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 1 நானோமீட்டராக வைத்துக்கொண்டு, முதல் மூன்று ஆற்றல் நிலைகளைப் படி 5-இன் வாய்பாட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். எலக்ட்ரானுக்கு 0.376, 1.50, 3.38 எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டும்.